மனநோயோடு வாழும் நண்பருக்கு நாம் என்ன செய்யலாம்?

ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தால் வார்டு வாசலில் கூட்டம் நிற்கும். மைலோ டின், ஆரஞ்சுப் பழம், கோயில் திருநீறு எல்லாம் வந்து சேரும். அதே ஆளை மனநலப் பிரிவில் சேர்த்தால், "வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கான்" என்று வீட்டார் சொல்வார்கள். விஷயம் தெரிந்தவர்களும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு மாதம் கழித்து அவர் வீடு திரும்பும்போது வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைச் சொல்லி யாரும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காற்பந்துக்கும் கூப்பிடுவதில்லை.

இந்தக் கட்டுரை நண்பர்களுக்காக எழுதப்பட்டது. மருத்துவர் செய்ய வேண்டியது வேறு, குடும்பத்தார் செய்ய வேண்டியது வேறு. நண்பரால் மட்டுமே செய்யக்கூடியவை சில உண்டு.

சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு, மனச்சோர்வு நோய் உள்ளது. 2019-இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. ஒரு தோட்டத்துக் காற்பந்துக் குழுவை மாற்று ஆட்டக்காரர்களோடு சேர்த்து எண்ணினால் அதில் ஒருவர் என்று கணக்கு வரும். இருதுருவ மனநோயும் மனச்சிதைவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

தஞ்சோங் ரம்புத்தான் என்ற கேலி

பேராவில் 1911-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. அது இருக்கும் ஊரின் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். யாராவது கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடு" என்று சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பைப் பத்து வருடமாகக் கேட்டு வளர்ந்த நண்பன், தனக்கே ஏதோ சரியில்லை என்று தெரியும்போது அதே கூட்டத்தில் வாய் திறப்பானா?

அந்தக் கேலிக்கும் இன்றைய நிலைக்கும் தொடர்பே இல்லை. இப்போது மனநல சிகிச்சை பெறுபவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடி, சாதாரண அரசாங்க மருத்துவமனையின் வெளிநோயாளி பிரிவுக்குப் போய் மருந்து வாங்கி வருகிறார்கள். வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருகிறார்கள். அதனால் அவர்களின் நல்ல நாளும் கெட்ட நாளும் லயத்திலும் தாமானிலும் அடுக்குமாடி வீட்டிலும், நம் கண் முன்னேதான் நடக்கின்றன.

மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. வேலைப் பளுவுக்கும் 'மன அழுத்தம்' என்கிறோம், மாதக்கணக்கில் எழ முடியாமல் படுத்துக் கிடக்கும் நோய்க்கும் 'மன அழுத்தம்' என்கிறோம். ஒரே சொல் இரண்டுக்கும் போவதால், "எனக்கு இல்லாத அழுத்தமா?" என்று எதிரில் இருப்பவர் கேட்டுவிடுகிறார். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆசை எல்லாம் மாறிப்போய், அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் அது அலுப்பு அல்ல. மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய்.

பேச்சின் தொனியே மருந்தாகும், நஞ்சுமாகும்

லண்டனில் 1950-களில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், மனச்சிதைவு நோயாளிகள் மருத்துவமனையை விட்டு வீடு போன பிறகு என்ன ஆகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினர். ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் வருவது அதிகம் என்று தெரிந்தது. பகைமை காட்டும் வீடு மட்டுமல்ல, கைக்குழந்தை போல் அளவுக்கு மீறிப் பொத்தி வைக்கும் வீடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின.

நம் வீடுகளில் இரண்டும் தாராளம். "சோம்பேறி", "நடிக்கிறான்" என்பது ஒரு பக்கம். "நீ எதையும் தொடாதே, உட்காரு" என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டும் இல்லாத ஓர் இடம் அவருக்குக் கிடைக்க வேண்டுமானால் அது பெரும்பாலும் நண்பரிடம்தான் கிடைக்கும். "தைரியமா இரு", "கல்யாணம் பண்ணா சரியாயிடும்" என்பவை ஆறுதல் போலத் தெரியும்; கேட்பவருக்கோ அது குறை சொல்வதாகவே படும். "சாப்பிட்டியா? நான் கடைக்குப் போறேன், வர்றியா? வரலன்னா பரவால்ல, பொட்டலம் கட்டிட்டு வரேன்" என்பது போதும்.

பக்கத்தில் இருப்பதற்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு ஒரு வரலாறு. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருந்தார்கள். பலர் அந்தப் பேச்சிலேயே தேறி, அவரைப் பார்க்காமலேயே கிளம்பிப் போனார்கள். இதைக் கவனித்த அவர், பேச்சுத் துணையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அந்த வழியில் வந்ததுதான் 1970-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட பிஃபிரண்டர்ஸ். 'நட்புக் கொடுப்பவர்கள்' என்பதே அதன் பெயருக்குப் பொருள்.

மாத்திரை, விரதம், பீர்

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். ஆனால் குமட்டல், தூக்கக் கலக்கம், கைநடுக்கம், வாய் வறட்சி, உடல் எடை கூடுவது போன்ற பக்க விளைவுகளில் சில முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் மாத்திரையை நிறுத்துவது இந்த இடைவெளியில்தான். கேலிக்காக "என்னடா குண்டாயிட்டே?" என்று ஒரு வார்த்தை விட்டாலும் போதும், அன்று இரவு மாத்திரை குப்பைக்குப் போகும். பக்க விளைவு தொந்தரவு செய்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றலாம். தானாக நிறுத்தக் கூடாது.

மாத்திரை நிற்கும் இன்னொரு காலம் விரதக் காலம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டு, "விரதத்துல இங்கிலீஷ் மருந்து வேணாம்" என்று ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. இது வெறும் நம்பிக்கை விஷயம் இல்லை. இருதுருவ நோய்க்குக் கொடுக்கப்படும் லித்தியம், உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் கூடிவிடும். உப்பில்லா விரதம் இருந்து, வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்தால் லித்தியம் நஞ்சாகும் அபாயம் உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு, பலமான நடுக்கம், நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் அது அருளோ களைப்போ என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். தூக்கமின்மையும் அப்படித்தான். முதல் நாள் இரவு இரதத்தோடு பத்துமலைக்கு நடந்து, விடிய விடிய விழித்திருப்பது மற்றவர்களுக்கு ஓர் இரவு அலுப்பு. இருதுருவ நோய் உள்ளவருக்கு அதுவே மனக்கிளர்ச்சி நிலையைத் தொடங்கி வைக்கலாம்.

போகவே கூடாது என்பதல்ல. பத்துமலை, தண்ணீர்மலை, கல்லுமலை எதுவானாலும் விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மாத்திரையையும் தண்ணீர்ப் போத்தலையும் நண்பர் தன் பையில் வைத்துக்கொண்டு கூட நடக்கலாம். "நீ பால்குடம் எடு, நாங்க ராத்திரி பத்து மணிக்கு உன்னை வீட்ல விட்டுட்டு வர்றோம்" என்று சொல்ல நண்பரால் முடியும். அம்மா சொன்னால் சண்டை வரும்.

அடுத்தது குடி. நம் ஆண்களின் நட்பில் பாதி, வெள்ளிக்கிழமை இரவு பீர் போத்தலைச் சுற்றித்தான் நடக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. மனநல மருந்துகள் பலவற்றோடு மது சேர்ந்தால் மயக்கம் கூடும், மனச்சோர்வும் மோசமாகும். அவர் குடிக்கக் கூடாது என்பதால் கூப்பிடாமலே விடுவது சுலபமான வழி. தவறான வழியும் அதுதான். வாரத்தில் ஒரு சந்திப்பையாவது மாமாக் கடைத் தே தாரிக்குக்கு மாற்றலாம்.

குரல் கேட்கும்போது, கை தாராளமாகும்போது

"பக்கத்து வீட்டுக்காரன் என்னைப் பத்திப் பேசிட்டே இருக்கான்" என்று மனச்சிதைவு உள்ள நண்பர் சொன்னால், "அப்படி ஒண்ணும் இல்லடா" என்று வாதாடுவதில் பயனில்லை. அவருக்கு அது உண்மையாகவே கேட்கிறது. "ஆமாம்டா, கேட்குது" என்று ஒத்து ஊதவும் கூடாது. "எனக்குக் கேட்கல. ஆனா உனக்கு அது எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது. கொஞ்சம் வெளிய நடந்துட்டு வரலாமா?" என்று கேட்கலாம். பேய் பிடித்திருக்கிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று குடும்பத்தார் மந்திரவாதியைத் தேடி ஆயிரக்கணக்கில் செலவழிப்பது இன்றும் நடக்கிறது. கோயிலுக்குப் போகட்டும், கிளினிக்குக்குப் போகும் நாளையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனக்கிளர்ச்சி நிலை வேறு மாதிரி. தூக்கம் இல்லாமலே உற்சாகம் பொங்கும், பேச்சு நிற்காது, கை தாராளமாகும். எல்லோருக்கும் விருந்து வைப்பார், புது மோட்டார் வாங்குவார், ஆலோங்கிடம் கடன் எடுப்பார். அந்த நேரத்தில் அவர் செலவில் சாப்பிடும் நண்பர்கள் நண்பர்களே அல்லர். நிலை சீராக இருக்கும் நாளில் உட்கார்ந்து பேசி வையுங்கள்: தொடக்கத்தில் என்ன அறிகுறி தெரியும், அப்போது யாருக்கு அழைக்க வேண்டும், வங்கி அட்டை யாரிடம் இருக்கும். திருக்குறளில் நட்புக்குரிய அதிகாரங்களில் ஒன்றின் பெயர் 'பழைமை'. நெடுநாள் பழக்கம் தரும் உரிமையைப் பற்றியது அது. அந்த உரிமையை இங்கே பயன்படுத்தலாம், அவர் சம்மதத்தோடு.

நேராகக் கேளுங்கள்

"நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி" என்பது போல நண்பர் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டால் பாரம் குறைகிறது என்று சொல்பவர்களே அதிகம். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். உயிருக்கு ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்ற சத்தியத்தை இந்த ஒரு விஷயத்தில் காப்பாற்ற வேண்டாம்.

போலீஸ் பயமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் அகற்றிவிட்டது.

பேசுவதற்கு: பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 (24 மணி நேரமும்), சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555, தாலியான் காசே 15999.

எங்கே போவது, என்ன செலவு

முதல் படி அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்குள்ள மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். அங்கே நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. தோட்டத்தில் இருப்பவருக்குக் காசைவிடப் பெரிய தடை பயணம். உள்ளே இருந்து டவுனுக்கு பஸ் இல்லாததால் தேதி தவறும், தேதி தவறினால் மருந்து தீரும். மோட்டாரோ காரோ வைத்திருக்கும் நண்பர் மாதத்தில் ஒரு காலையை ஒதுக்கினாலே பெரிய உதவி. சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்கள் நாடு முழுவதும் 30-க்கும் மேல் உள்ளன. குணமடைந்து வருபவர்களுக்கு வேலை தேடித் தருவதும், வேலையில் நிலைக்க உதவுவதும் அவற்றின் பணிகளில் அடங்கும்.

நீண்ட காலச் சிகிச்சையில் இருப்பவர்கள் சமூக நல இலாகாவில் ஓ.கே.யு. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மனநலப் பிரிவும் அதில் உண்டு. அட்டை எடுத்தால் பெயர் கெட்டுவிடும், தங்கைக்கு வரன் அமையாது என்று தயங்கும் வீடுகள் இருக்கின்றன. எடுப்பதும் விடுவதும் அவர் முடிவு. விண்ணப்பப் பாரத்தை நிரப்பித் தர மட்டும் நண்பர் தயாராக இருக்கலாம்.

நண்பருக்குச் சட்டத்தில் ஓர் எல்லை உண்டு. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, ஒருவரை அவர் விருப்பமின்றி மருத்துவமனையில் சேர்க்க விண்ணப்பிக்கும் உரிமை உறவினருக்கே உள்ளது. அதனால் அவருடைய அண்ணனோ அக்காவோ ஒருவரின் கைப்பேசி எண்ணை முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது. ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமக்கவும் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு வரும் அழைப்பு உங்களுக்கே மூச்சு முட்டினால், மூன்று பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் கிளினிக்குக்கு, ஒருவர் இரவு அழைப்புக்கு, ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக் காற்பந்துக்கு. அவர் மூன்று வாரம் வராமல் இருந்தாலும் நான்காவது வாரமும் கூப்பிடுங்கள்.