ஒலி நடந்த வழிகள்

சென்ற குளிர்காலத்தில் தில்லி கரோல் பாகில் நண்பர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருடைய மகன் வாங்கித் தந்த புதிய இசைச் சாதனம் கூடத்தை அலங்கரித்தது. முன்புறம் மூன்று ஒலிபெருக்கிகள், பின்புறம் இரண்டு, தாழ்ந்த ஒலிகளுக்கென மூலையில் ஒன்று. புதிய திரைப்பாடல்கள் அதில் முழங்கின. ஆனால் நண்பரின் தந்தையார் போற்றிப் பாதுகாத்து வந்த பழைய கச்சேரிப் பதிவுகளைப் போட்டாலோ, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் மூலையில் அதிர்ந்தது. பாடகரின் குரல் எழவேயில்லை. "பதிவுகள் அழிந்துவிட்டன; இனி வைத்திருந்து பயன் என்ன?" என்றார் பெரியவர். அவர் கூற்று மெய்தானா என்று அறிய வேண்டுமானால், ஒலி பல வழிகளாகப் பிரிந்த சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

1881ஆம் ஆண்டு பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில், கிளெமான் அடேர் என்பவர் நாடக மேடையில் வரிசையாக ஒலிவாங்கிகளை அமைத்து, தொலைபேசிக் கம்பிகள் வழியே இசையை அனுப்பினார். கேட்பவர் இரு காதுகளிலும் இரு குழல்களை வைத்துக்கொண்டபோது, பாடுவோர் மேடையில் இடமும் வலமும் நடப்பதைக்கூட உணர முடிந்தது. 1931இல் ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் இரு வழி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கோரினார். இரு வழிகளுக்கும் பொதுவானது எது, வேறுபட்டது எது என்று ஒலியைக் கூட்டியும் கழித்தும் பார்க்கும் முறை அவருடைய ஆராய்ச்சியில் இடம்பெற்றது. 1933 ஏப்ரல் 27ஆம் நாள், பிலடெல்பியாவில் வாசிக்கப்பட்ட வாத்திய இசை தொலைபேசிக் கம்பிகளில் சென்று வாஷிங்டன் நகர மண்டபத்தில் மூன்று ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. இடத்துக்கும் வலத்துக்கும் நடுவே வெற்றிடம் தோன்றாதிருக்கவே மூன்றாவது வழி வேண்டியிருந்தது. இன்று நம் கூடத்தின் நடுவில் அமரும் பெட்டிக்கு அதுவே முன்னோடி.

நம் நாட்டு நிலை வேறு. தில்லி வானொலி நிலையம் 1936 ஜனவரி முதல் நாள் தொடங்கிற்று. 1952 ஜூலை 20 அன்று தேசிய சங்கீத நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. அதே ஆண்டில் தில்லியில் அமைந்த வானொலி வாத்திய விருந்தாவைப் பண்டிட் ரவிசங்கரும், நம் தமிழகத்து வயலின் வித்துவான் டி. கே. ஜயராமய்யரும் நடத்தினார்கள். சொந்த ஊரை விட்டு வந்த நம் முன்னோர் வால்வு ரேடியோவின் முன் அமர்ந்து கேட்ட இசை அனைத்தும் ஒரே வழியில் வந்த இசை. பாடகர், வயலின், மிருதங்கம் எல்லோரும் ஒரு கம்பியில் ஏறி ஒரு பெட்டியில் இறங்கினார்கள். அக்காலப் பதிவுகளும் அவ்வாறே.

பின்னர்த் திரையரங்குகள் பல வழி ஒலியை நமக்குக் காட்டின. 1975இல் வெளியான 'ஷோலே' 70 மில்லிமீட்டர் திரையில் பல தட ஒலியுடன் ஓடியது. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலிநுட்பத்துடன் வந்தது. இதனிடையே, 1987இல் அறிமுகமான புரோ லாஜிக் என்னும் முறை, இரு வழிப் பதிவிலிருந்தே நடுவையும் பின்புறத்தையும் பிரித்தெடுக்க வீடுகளுக்கு வழி செய்தது. அதன் நியாயம் எளியது. இரு வழிகளிலும் ஒன்றாக இருப்பதை நடுவுக்கு அனுப்பு. ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதைப் பின்னுக்கு அனுப்பு.

இங்கேதான் பெரியவரின் புதிருக்கு விடை கிடைத்தது. ஒரு வழிப் பதிவில் இடமும் வலமும் முற்றும் ஒன்றே. ஆகவே குரல் முழுவதும் நடுப் பெட்டிக்கே போகும். அந்தப் பெட்டி ஊமையானால் பாடகரும் ஊமையாவார். புதிய பாடல்களிலும் குரல் மெலிந்தே இருந்தது. வாத்திய முழக்கத்தில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

சாதனத்திலேயே இருந்த சோதனை ஒலியை ஓடவிட்டோம். அது இடத்தில் கேட்டது, நடுவில் மௌனம், வலத்தில் கேட்டது. நடுப் பெட்டியை இடப்புறக் கம்பியில் இணைத்தோம், நன்றாகவே பேசிற்று. பெட்டியில் குற்றமில்லை. பின்னர், நன்றாக இருந்த அதே கம்பியைச் சாதனத்தின் நடு வழியில் செருகினோம், அப்போதும் ஒலித்தது. சாதனத்திலும் குற்றமில்லை. எஞ்சியது பழைய கம்பி. சுவரோரம் அலமாரியின் காலடியில் அது நசுங்கி அறுந்திருந்தது. செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் சந்தையிலிருந்து புதுக் கம்பி வந்தது. சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் சேர்த்தோம். ஒரு பெட்டியில் மட்டும் இவை மாறினால் தாழ்ந்த சுருதி மெலிந்து, குரல் நிற்குமிடம் கலங்கிவிடும். பழைய பதிவுகளைக் கேட்கும்போது பின் பெட்டிகள் மௌனமாக இருப்பது பழுதன்று என்பதையும் பெரியவருக்குச் சொன்னோம்.

குரல் எழுந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தொடையில் தாளம் போடத் தொடங்கினார்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய பழைய பதிவுகள் உறங்குகின்றன. கேட்கவில்லை என்பதற்காக அவற்றை எறிந்துவிட வேண்டாம். முதலில் ஒலி நடந்து வரும் வழியைச் சோதிப்போம்.