மலைப்படமும் சுமந்தவர் முதுகும்

ஸ்பிரிங்வெளித் தேயிலைச் சரிவில் நின்று நமுனுகுல மலையைப் படம் பிடிக்கும் பயணிகளை என் மாணவர்கள் அறிவர். பனி விலகும் வேளையில், 6,600 அடிக்கு மேல் உயர்ந்த அம்மலை கண்ணைக் கவர்வது உண்மையே. எனினும், மலைப்படக் கலையின் வரலாற்றைப் புரட்டினால், முதலில் தென்படுவது சுமைகூலியின் முதுகாகும்.

1851-இல் வழக்குக்கு வந்த ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படம் பிடித்து, அவ்விடத்திலேயே கழுவவேண்டும். ஆகவே இருட்டுக் கூடாரமும், மருந்துப் புட்டிகளும், கண்ணாடிப் பெட்டிகளும் மலையேறியாக வேண்டும். ஏற்றியவர் யார்? 1863-இல் சிம்லாவிலிருந்து இமயத்துக்குள் நடந்த சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயருக்குச் சுமார் 30 கூலிகள் தேவைப்பட்டனர். 1866-இல், 18,600 அடி உயர மணிரங் கணவாயில் அவர் எடுத்த படங்கள் பெரும்புகழ் பெற்றன. சுமையைப் போட்டுவிட்டு ஓடிய கூலிகளைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். படங்கள் அவர் பெயரால் வாழ்கின்றன. சுமந்தவர் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை.

நம் மலைநாட்டின் கதையும் வேறன்று. ஸ்கீன், ஸ்கோவன் முதலிய நிறுவனங்கள் 19ஆம் நூற்றாண்டில் தோட்டக் காட்சிகளைப் படம் பிடித்து விற்றன. 1890-இல் தோன்றிய பிளாட்டே நிறுவனம் அத்தகைய காட்சிகளை அஞ்சலட்டைகளாக்கியது. அவற்றில் கூடை சுமந்து நிற்கும் நம் பாட்டிமாருக்குக் 'கொழுந்து பறிப்போர்' என்ற பொதுப்பெயரே கிடைத்தது.

பின்னர் ஒரு காலம் வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப, 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. அப்போது கடவுச்சீட்டில் ஒட்ட ஒவ்வொருவர் முகமும் வேண்டியிருந்தது, பெயரும் வேண்டியிருந்தது. மலையின் அழகைக் காட்டத் தேவைப்படாத பெயர், மலையைவிட்டு அனுப்பத் தேவைப்பட்டது!

இன்று கண்டியிலிருந்து ஊவா வழியாக நுவரெலியா வரை, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீக்கோ நடைவழியில் பலர் கமெராவுடன் நடக்கின்றனர். அதன் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள்; நம் முன்னோர் உழைப்பில் உருவானவை. அழகை யாரும் சுவைக்கட்டும். என் மாணவரிடம் நான் வேண்டுவது ஒன்றே: மலையைப் படம் பிடிக்கையில், அங்கே கொழுந்தெடுக்கும் அம்மாவிடம் அனுமதி கேளுங்கள், அவர் பெயரையும் கேட்டுப் படத்தோடு எழுதிவையுங்கள்.