வெட்டப்படாத மரத்தின் கணக்கு: செட்டியார்பட்டி வட்டாரச் சாலைப் பணிகளும் வேர்க்காப்பும்

சாலைப் பணியால் அழியும் மரங்கள் இரு வகை. பணியின்போது வெட்டப்படுபவை ஒன்று. வேர் அறுபட்டுச் சில ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போகிறவை மற்றொன்று. தமிழ்நாட்டில் 2021 முதல் பொது நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒன்றுக்குப் பத்துக் கன்று நட வேண்டும். இரண்டாம் வகைக்குப் பதிவேடே இல்லை. மரக்காப்பு விதிகள் தண்டோடு நில்லாமல் வேர் வரை செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செட்டியார்பட்டி வட்டாரத்தைக் கடந்து தென்காசி செல்கிறது. சாலையோரப் புளியமரத்துக்கு வெள்ளையடித்து எண் எழுதுகிறோம்; அதன் மேல்பலனை ஏலம் விடுகிறோம். காய்ப்புக்குக் கணக்கு உண்டு, வேருக்கு இல்லை. உறிஞ்சுவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் அரை மீட்டருக்குள்தான் பரவுகிறது. வாறுகாலுக்குப் பள்ளம் எடுக்கும் ஜேசிபி அதைத்தான் முதலில் கிழிக்கிறது. பிரிட்டனின் 5837-ஆம் தரவிதி (2012), தண்டு விட்டத்தின் 12 மடங்கைக் காப்பு ஆரமாகக் கொள்கிறது. 80 செ.மீ. விட்டமுள்ள புளிக்கு அது 9.6 மீட்டர்.

வேர் அறுபட்ட மரம் தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டு சில பருவங்கள் தளிர்க்கும். பிறகு உச்சிக்கொப்புகள் காயும். அதற்குள் ஒப்பந்தக்காரர் பணம் வாங்கிப் போயிருப்பார். பழி வறட்சியின்மேல் விழும். காற்றையும் கருத வேண்டும். மேற்கிலிருந்து வரும் ஆடிக் காற்றை எதிர்த்து மரத்தைப் பிடித்து நிறுத்துவதில் காற்று மோதும் பக்கத்து வேர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சாலைக்குக் கிழக்கே நிற்கும் மரத்துக்குச் சாலைப்பக்கமே அந்தப் பக்கம். அங்கு விட்டத்தின் மூன்று மடங்கு தொலைவுக்குள் பள்ளம் வெட்டினால் மரம் சாயும் ஆபத்து கூடும்.

மீட்பு முறைகள் எளியவை. கிழிந்த வேர்முனையை ரம்பத்தால் நேராக அறுத்து, அன்றே ஈரமண்ணால் மூட வேண்டும். தார் பூசுவதால் பயனில்லை: மரம் புண்ணை ஆற்றுவதில்லை, அழுகலைச் சுவரெழுப்பித் தடுக்கிறது என்பதை அமெரிக்க வனநோயியலாளர் அலெக்ஸ் ஷைகோ 1970-களில் விளக்கினார். அடிமரத்தைச் சுற்றிக் கொட்டிய சரளை அள்ள வேண்டும். இறுகிய மண்ணில் துளையிட்டு மட்கு நிரப்பி, தண்டைத் தொடாமல் 5 முதல் 10 செ.மீ. சருகு மூடாக்கு இட வேண்டும். கோடையில் ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும். வேரிழப்புக்கு ஈடாகப் பச்சைக் கிளைகளைக் கழிக்கும் வழக்கம் தவறு. புதுவேருக்கான உணவை இலையே தயாரிக்கிறது. பட்ட கொப்பை மட்டும் கவாத்து செய்தால் போதும்.

வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நடுவது சிக்கனம் என்பார்கள். இருபுறமும் வேரிழந்து சாலைமேல் சாய்ந்த மரத்துக்கு அது பொருந்தும். மற்றவற்றுக்குப் பொருந்தாது: விதையிலிருந்து வளரும் புளி காய்க்கவே ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதுவரை கன்றுக்கும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. அடிமண்ணைச் சட்டம் ஒரு பொருட்டாகக் கருத முடியும் என்பதற்கு அது சான்று. பெரிய புளிக்கு அந்த ஒரு மீட்டர் போதாது. சாலை மதிப்பீட்டிலேயே வேர்க்காப்புக்குத் தனி இனம் வேண்டும். வேர் காயம்பட்ட மரங்களை அவற்றின் எண்ணோடு பட்டியலிட்டு, ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை மூன்று ஆண்டுகள் நிறுத்திவைக்க வேண்டும். தாமதமாக வரும் சாவுக்கு யாராவது பொறுப்பேற்றால்தான் பள்ளம் தள்ளி வெட்டப்படும்.