வேலம்பிசினும் வெய்யிலும்

வெள்ளியுப்புக்களைக் கொண்டு கடதாசியில் ஒளிப்படம் ஆக்கும் முறை தோன்றி இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே, அப்படங்கள் மஞ்சளித்து மங்கத் தொடங்கின. மணக்கோலத்தில் நின்றோரின் முகம் அவர்தம் பிள்ளைகள் வளருமுன்பே அழிந்துவிடுமாயின், அக்கலையை யார் நம்புவர்? இலண்டன் ஒளிப்படக் கழகம் 1855இல் இதனை ஆராயக் குழுவொன்றை நியமித்தது. மறுவருடம் பிரான்சில் லுயின் கோமகன், அழியாத படம் ஆக்குவோருக்குப் பரிசில் அறிவித்தார்.

அழியாத பொருள் எது என்பதில் ஐயமிருக்கவில்லை. நம் முன்னோர் ஏட்டெழுத்திற்குப் பூசிய கரி நூற்றாண்டுகள் கடந்தும் மங்காதிருத்தலை நேயர்கள் அறிவர். அக்கரியை ஒளி கொண்டு எழுதச் செய்வது எங்ஙனம் என்பதே வினா. பொற்றாசியம் இருகுரோமேற்றுத் தோய்ந்த கடதாசி வெய்யிலில் நிறம் மாறுவதை ஸ்கொத்லாந்தினரான மங்கோ பொன்ரன் 1839இல் கண்டிருந்தார். அவ்வுப்புக் கலந்த செலற்றின் ஒளி பட்ட இடத்திற் கரையாது இறுகும் என 1852இல் டல்பொட் கண்டார். 1855இல் பிரான்சியரான புவாத்வென் அதனுடன் நிறப்பொடியைச் சேர்த்தார். 1858இல் இங்கிலாந்தின் டோர்செஸ்ரர் நகரத்து ஜோன் பவுன்சி, வேலம்பிசினும் கரியும் சேர்த்து ஆக்கிய படங்களைக் காட்டினார்.

படங்கள் மங்கவில்லை, ஆயினும் குறையொன்று இருந்தது. கருமையும் வெண்மையும் நின்றன. இடைப்பட்ட சாயல்கள் தண்ணீரோடு போயின. காரணம் எளிது. ஒளி பூச்சின் மேற்பரப்பையே முதலில் இறுக்குகிறது. சிறிதளவே ஒளி பட்ட இடங்களில் அடிப்பகுதி இறுகாது நின்று, கழுவும்போது கரைந்து, மேலே இறுகியதையும் உடன்கொண்டு போகிறது. 1864இல் ஜோசப் சுவான், செலற்றின் படலத்தை வேறு கடதாசிக்கு மாற்றி ஒட்டிப் பின்புறமிருந்து கழுவும் வழியால் இக்குறையைத் தீர்த்தார். பிசின்முறை மூலையில் ஒதுங்கியது.

அதனை மீட்டவர்கள் 1890களின் கலைஞர்கள். பாரிசில் றொபேட் டெமாஷி அம்முறையைக் கைக்கொண்டு, 1897இல் அல்பிரட் மாஸ்கெல் என்பாருடன் சேர்ந்து அதுபற்றி ஒரு கைந்நூலும் வெளியிட்டார். கேட்பதற்கு அம்முறை சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றும். பிசின், நிறப்பொடி, இருகுரோமேற்றுக் கரைசல் மூன்றையும் கலந்து கடதாசியிற் பூசி, இருட்டில் உலர்த்தி, எதிர்ப்படத்தை மேலே வைத்து வெய்யிலிற் காட்டி, முகங்கவிழ்த்துத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். இவ்வளவுதான்.

ஆனால் புதிதாகப் பழகுபவனுக்குப் பெரும்பாலும் படம் முழுவதும் உரிந்து தண்ணீரிலே மிதக்கும். உடனே அவன் பிசினைப் பழிப்பான். உண்மையில் வெய்யில் போதாமையோ, நிறப்பொடி மிகுந்து ஒளியை அடிவரை செல்லவிடாமையோதான் காரணம். பவுன்சிக்கு நேர்ந்த அதே குறை. பூச்சை மெல்லியதாக்கினால் பாதி தீரும். வெண்மையாக நிற்கவேண்டிய இடத்திற் கறை படியின், கடதாசியை நோக்க வேண்டும்: முன்னரே செலற்றின் பூசிப் படிகாரம் போன்றவற்றால் இறுக்காத கடதாசியின் நாருக்குள் நிறம் புகுந்துவிடும். எதுவுமே கரையாது நின்றால், வெய்யில் மிகுந்திருக்கும். அன்றேல் பூசிய கடதாசி நெடுநேரம் கிடந்திருக்கும். இருட்டிலும் அவ்வுப்புத் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. வெப்பமும் ஈரமும் மிக்க கொழும்பு போன்ற இடங்களில் அது இன்னும் விரைவு. ஒரே கடதாசியை நறுக்கி, வெவ்வேறு நேரம் வெய்யிலிற் காட்டிப் பார்ப்பவன் ஒருநாளில் அறிவதை, ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மாற்றுபவன் ஒரு மாதத்திலும் அறியான். இருகுரோமேற்று நஞ்சு என்பதையும், புற்றுநோய் விளைவிக்க வல்லது என்பதையும் அக்காலத்தார் அறிந்து பேணவில்லை. இன்று கையுறையின்றி அதனைத் தொடலாகாது.

இடைச்சாயலுக்கு வழி கண்டவர்கள் வியன்னாவின் மூவர்: ஹென்னபெர்க், கூன், சித்திர ஆசிரியரான வாற்செக். ஒரே தடித்த பூச்சுக்குப் பதிலாக மெல்லிய பூச்சுக்கள் பலவற்றை, ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு வெய்யில் காட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இட்டனர். நனைந்த கடதாசி சுருங்குவதால் இரண்டாம் படம் முதற்படத்தின்மீது பொருந்தாது விலகும். ஆதலின் வேலை தொடங்குமுன்னரே கடதாசியை நீரில் ஊறவைத்துச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பொறுமை இல்லாதவர்க்கு இது உரிய தொழிலன்று. எட்வேட் ஸ்ரைக்கன் 1904இல் பிளாற்றினப் படத்தின்மீது பிசின் பூச்சிட்டு ஆக்கிய நிலவொளிக் குளம் 2006இல் 29 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. டெமாஷியோ 1914இல் ஒளிப்படக் கலையையே கைவிட்டார். 1936இல் இறக்கும்வரை மீண்டும் அதனைத் தொடவில்லை.