எடையைக் குறைத்த திட்டம் ஏன் கைவிடப்பட்டது?

சிங்கப்பூரில் 1990களில் பள்ளிக்குச் சென்றவர்களிடம் 'டாஃப்' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு முகம் வாடிவிடும். பிள்ளைகளின் உடல் எடையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

நாட்டில் வருமானம் உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. கைநிறையக் காசும் தட்டு நிறைய உணவும் கிடைத்தன. உடல் உழைப்போ குறைந்துகொண்டே வந்தது. இதை உணர்ந்த அரசாங்கம் 1992ஆம் ஆண்டில் தேசிய அளவில் ஆரோக்கிய வாழ்வுமுறை இயக்கத்தைத் தொடங்கியது. பிரதமர் கோ சோக் டோங் அதைத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு பாடாங் திடலில் 25,000க்கும் மேற்பட்டோர் ஒன்றுகூடி உடற்பயிற்சி செய்தனர்.

அதே 1992இல் கல்வி அமைச்சு பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அதன் சுருக்கப் பெயர்தான் 'டாஃப்'. எடை மிகுந்த மாணவர்கள் அடையாளம் காணப்பட்டனர். பள்ளி தொடங்கும் முன்போ, இடைவேளையிலோ, பள்ளி முடிந்த பிறகோ அவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி தரப்பட்டது. ஓட்டம், கயிறு தாண்டுதல் என்று பயிற்சிகள் நீண்டன. சில பள்ளிகளில், எவ்வளவு கலோரி வரை வாங்கிச் சாப்பிடலாம் என்பதைக் குறிக்கும் சீட்டுகளும் கொடுக்கப்பட்டன. மாணவர்களின் உடலுறுதியை வைத்துப் பள்ளிகளுக்கு விருதுகளும் வழங்கப்பட்டன.

பலன் கிடைத்ததா? எண்களைப் பார்த்தால் கிடைத்தது. 1992இல் எடை மிகுந்த மாணவர்களின் விகிதம் 14 விழுக்காடாக இருந்தது. 2000களின் நடுப்பகுதியில் அது 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஆனால் எண்களில் தெரியாத ஒன்றும் நடந்தது. மற்றப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, இவர்கள் மட்டும் திடலைச் சுற்றி ஓடினர். எல்லாருடைய கண்ணும் இவர்கள் மீதுதான். திட்டத்தின் பெயரும் சேர்ந்து சதி செய்தது. அதன் மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள்படும் சொல் வரும்! பிள்ளைகளுக்குக் கேலி செய்ய இதைவிட வேறென்ன வேண்டும்? உடற்பயிற்சி என்றாலே தண்டனை என்ற எண்ணம் சில மனங்களில் பதிந்துபோனது. பெற்றோரும் கவலை தெரிவித்தனர். 2007இல் திட்டம் முடிவுக்கு வந்தது.

அதன் இடத்தில் வந்த புதிய அணுகுமுறை, எடை மிகுந்தவர்களை மட்டும் பார்க்காமல் எல்லா மாணவர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் சேர்த்துப் பார்த்தது. கவனம் சிற்றுண்டிச்சாலையின் பக்கமும் திரும்பியது. 2011இல் சுகாதார மேம்பாட்டு வாரியம் பள்ளிகளில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2014இல் அந்த வாரியம் எளிய தட்டுக் கணக்கு ஒன்றை மக்களுக்குச் சொன்னது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், மீதிக் கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்ற புரதம்.

உணவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒரு தட்டு நாசி லெமாக்கில் சுமார் 500 கலோரி இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதைச் செலவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சாப்பிட ஆகும் நேரமோ பத்து நிமிடம்! வாயைக் கட்டாமல் காலை மட்டும் ஓடவிட்டால் கணக்கு நேராகாது. அதற்காக உடற்பயிற்சி வீண் என்று நினைத்துவிடக் கூடாது. அது இதயத்துக்கு வலு தருகிறது, ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது, குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காக்கிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். இரண்டும் கைகோத்தால்தான் நன்மை.

இந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. எடை மிகுந்த மாணவர்களின் விகிதம் 2013இல் 11 விழுக்காடு, 2017இல் 13 விழுக்காடு என்று மீண்டும் ஏறியது. பெரியவர்களின் நிலையும் யோசிக்க வைக்கிறது. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் உடற்பருமன் விகிதம் 10.8 விழுக்காடு. இந்தியர்களிடையே அது 16.9 விழுக்காடு.

அப்படியானால் பழைய கண்டிப்புக்கே திரும்ப வேண்டுமா? வேண்டாம். ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்தினால் எடை குறையலாம். மனமும் சேர்ந்து சுருங்கிவிடும். குடும்பம் முழுவதும் ஒரே மாதிரித் தட்டில் சாப்பிட்டு, இரவு உணவுக்குப் பின் புளோக்கைச் சுற்றி ஒன்றாக நடந்தால் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரியாது. பிள்ளையை மட்டும் ஓடச் சொல்லிவிட்டுப் பெற்றோர் முறுக்கும் தே தாரிக்குமாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால், பள்ளிகள் 2007இல் கைவிட்ட முறைக்கு வீட்டில் மறுபடி உயிர் கொடுத்ததாகிவிடும்.