எண்ணெயை எரிக்கப் பிறந்த எஞ்சின்

1961 நவம்பரில் ஜப்பானின் ஹிரோஷிமாவில் இருந்த டோயோ கோக்யோ தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து ஓர் எஞ்சினும் அதன் வரைபடங்களும் வந்து சேர்ந்தன. மாஸ்டா என்ற பெயரில் மூன்று சக்கர லாரிகளும் சிறிய கார்களும் செய்துவந்த நிறுவனம் அது. ஜப்பானிய அரசு கார் நிறுவனங்களை இணைத்து எண்ணிக்கையைக் குறைக்கத் திட்டமிட்டிருந்த காலம். வேறு எவரிடமும் இல்லாத ஒரு தொழில்நுட்பம் கையில் இருந்தால்தான் தனித்து நிற்க முடியும் என்று நம்பினார் தலைவர் ட்சுனேஜி மட்சுதா. அதற்காக ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்துக்கு 28 கோடி யென் உரிமத் தொகை கொடுக்க ஒப்புக்கொண்டார். வாங்கியது, ஃபெலிக்ஸ் வான்கெலின் யோசனையில் பிறந்த ரோட்டரி எஞ்சினை.

ஹிரோஷிமாவிலேயே செய்து பார்த்த முதல் மாதிரி, புகையாகக் கக்கியது. வேகம் குறைந்தால் உடம்பு பிடித்துவிடும் மின்கருவி போல உதறியது. ஓடும்போதெல்லாம் எஞ்சின் ஆயில் எரிந்து பின்னால் வெள்ளைப் புகை கிளம்பியது. முதுகில் சுமந்த விறகுக்கட்டு தீப்பிடித்து எரிய ஓடும் ஒரு பிராணியின் நாட்டுப்புறக் கதை ஜப்பானில் உண்டு. ‘கச்சி கச்சி யாமா’ என்ற அந்தக் கதையின் பெயரையே எஞ்சினுக்குச் சூட்டிவிட்டார்கள். 

இந்த எஞ்சினின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வேறொரு சிக்கலைத்தான் முன்னே வைப்பார்கள். 1963 ஏப்ரலில் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் தனி ஆய்வுத் துறை அமைந்தது. அதில் இருந்தவர்கள் 47 பேர். தலைவனுக்காக உயிர் கொடுத்த 47 சாமுராய்களின் பழங்கதையை நினைத்து அவர்களை அப்படியே அழைத்தார்கள். சில நூறு மணி நேரம் ஓடிய எஞ்சினைப் பிரித்தால் உட்சுவர் முழுக்க அலை அலையான கீறல்கள். அதற்கு ‘சாத்தானின் நகக்கீறல்’ என்று பெயர். சுழலும் பாகத்தின் முனையில் இருந்தபடி சுவரை உரசி ஓடும் ஏபெக்ஸ் சீல் என்ற தடுப்பு அதிர்வதே காரணம் என்று கண்டு, அலுமினியம் ஊட்டிய கார்பனில் சீல் செய்து ஒருவழியாக வென்றார்கள். சுவையான கதைதான். ஆனால் அதே அளவு கடினமான எண்ணெய்ச் சிக்கலுக்குப் பல வரலாறுகளில் ஒரு வரிதான் கிடைக்கிறது. அது நியாயமில்லை. கீறல் சிக்கல் தீர்ந்தே போனது. எண்ணெயோ இன்றுவரை கூடவே வருகிறது.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் வட்டமான சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வருகிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஆயில் ரிங் சுவரை வழித்து எண்ணெயைக் கீழே தள்ளிவிடும். ரோட்டரியில் முக்கோண ரோட்டார் ஒன்று, நீள்வட்டம் போன்ற அறைக்குள் விலகி விலகிச் சுழல்கிறது. மாஸ்டா எஞ்சினில் அந்த ரோட்டாரின் உட்புறத்தைக் குளிர்விப்பதே எண்ணெய்தான். சூடான எண்ணெய் உள்ளே சுழன்றபடி இருக்க, அதற்கும் பெட்ரோல் எரியும் இடத்துக்கும் நடுவே, ரோட்டாரின் பக்கவாட்டில் பதித்த வளையங்கள் மட்டுமே தடுப்பு. சுழற்சியின் வேகம் எண்ணெயை வெளிப்பக்கமாக வீசிக்கொண்டே இருக்கும். வளையம் சற்று அசந்தாலும் எண்ணெய் தீக்குள் போய்விடும். நிப்பான் பிஸ்டன் ரிங், நிப்பான் ஆயில் சீல் ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்துதான் மாஸ்டா இந்த வளையத்தை உருப்படியாக்கியது. வெள்ளைப் புகை அடங்கியது அதன்பிறகே.

வேண்டாத எண்ணெய் இப்படி நின்றது. வேண்டிய எண்ணெய் என்று இன்னொன்று இருந்தது. ரோட்டாரின் மூன்று முனைகளிலும் இருக்கும் ஏபெக்ஸ் சீல்கள் உலர்ந்த சுவரில் உரசினால் தேய்ந்துபோகும். அதனால் ஒரு சிறிய பம்ப் எஞ்சின் ஆயிலிலிருந்தே துளித்துளியாக அளந்து எரியறைக்கு அனுப்புகிறது. அந்த எண்ணெய் பெட்ரோலோடு எரிந்து போகும், திரும்பி வராது. பங்கில் பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலந்து டூ-ஸ்ட்ரோக் பைக் ஓட்டிய தலைமுறைக்கு இது புதிதல்ல.

1967 மே 30 அன்று காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. தலா 491 சிசி கொண்ட இரண்டு ரோட்டார்கள், 110 குதிரைத்திறன். அதே ஆண்டில் ஜெர்மனியில் என்.எஸ்.யு. தன் ரோ 80 காரை வெளியிட்டது. வடிவமைப்புக்குப் பாராட்டு குவிந்தது, எஞ்சின்களோ சீக்கிரமே தேய்ந்தன. இலவசமாக மாற்றிக் கொடுத்துக் கொடுத்தே நிறுவனம் நொந்தது. 1969-ல் ஆட்டோ யூனியனோடு இணைக்கப்பட்டு ஃபோக்ஸ்வேகன் குடையின் கீழ் போனது. மாஸ்டாவோ 1968-ல் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த 84 மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டு காஸ்மோக்களை அனுப்பியது. ஒன்று 82-வது மணியில் அச்சு பழுதாகி நின்றது. மற்றது நான்காவதாக வந்தது.

1978-ல் வந்த ஆர்எக்ஸ்-7 இந்த எஞ்சினை இன்னும் பலரின் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. குழப்பமும் கூடவே போனது. ஆயில் குறையாத காரே நல்ல கார் என்று பழகியவர்கள், டிப் ஸ்டிக்கில் அளவு இறங்குவதைக் கண்டு பதறினார்கள். ரோட்டரி வைத்திருப்பவர் பதற வேண்டியது நேர்மாறான நேரத்தில்: பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஆயில் இறங்கவே இல்லையென்றால், அளந்து அனுப்பும் பம்ப் செத்திருக்கலாம். ஏபெக்ஸ் சீல் உலர்ந்து தேய்வது வெளியே தெரியாது. அழுத்தம் குறைந்து எஞ்சின் கிளம்ப மறுக்கும்போதுதான் தெரியும். பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப் ஸ்டிக்கைப் பார்ப்பது ரோட்டரிக்காரர்களின் கைப்பழக்கமாகவே ஆனது.

அந்தச் சிறிய பம்ப்பை நம்பாதவர்களும் உண்டு. எஞ்சினின் அடியில் கிடந்து அழுக்கேறிய எண்ணெயை எரிப்பானேன் என்பது அவர்கள் வாதம். சிலர் பம்ப்பை அடைத்துவிட்டு டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோல் டாங்கிலேயே கலக்கிறார்கள். சிலர் சுத்தமான எண்ணெய்க்குத் தனி டாங்க் வைத்து அதிலிருந்து பம்ப்புக்குக் கொடுக்கிறார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கலக்க மறந்த ஒரு நாள் எஞ்சினுக்கு வினையாகும் என்பதால், பம்ப்பை வைத்துக்கொண்டே டாங்கிலும் கொஞ்சம் கலப்பவர்களின் வழிதான் பத்திரமானது. மாஸ்டாவும் இந்த அளவோடு போராடிக்கொண்டேதான் இருந்தது. எண்ணெயைக் குறைத்தால் புகைச் சட்டத்துக்கு நல்லது, கூட்டினால் சீலுக்கு நல்லது. ஆர்எக்ஸ்-8 காரை 2009 மாடலுக்காகத் திருத்தியபோது, ஒரு ரோட்டாருக்கு இரண்டாக இருந்த எண்ணெய்த் துளைகளை மூன்றாக்கினார்கள்.

பழைய ஆர்எக்ஸ்-7 வாங்குபவர் பார்க்க வேண்டியது, எவ்வளவு எண்ணெய் போகிறது என்பதைவிட எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான். அளந்து போவது கண்ணுக்கே தெரியாது. ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் கிளப்பியதும் நீலப் புகை மண்டினால், ரோட்டாரின் பக்கவாட்டு வளையங்களுக்குள் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் வெந்து இறுகியிருக்கும் என்று மெக்கானிக்குகள் சந்தேகிப்பார்கள். கார் நிற்கும் நேரத்தில் எண்ணெய் கசிந்து அறைக்குள் தேங்கி, எஞ்சின் கிளம்பியதும் எரிகிறது. ஒரு தடவை கடுமையாகச் சூடேறிய எஞ்சினில் இந்த ரப்பர் இன்னும் சீக்கிரம் போய்விடும். ஓ-ரிங் விலை பெரிதில்லை. ஆனால் அதை மாற்ற எஞ்சினை இறக்கி முழுவதுமாகப் பிரிக்க வேண்டும்; பிரித்த கையோடு மற்ற சீல்களையும் மாற்றிவிடுவதே வழக்கம். அதனால் ஓட்டம் நன்றாக இருக்கும்வரை புகையோடு ஓட்டி, ஆயில் ஊற்றிக்கொண்டே காலம் தள்ளுபவர்கள்தான் நிறைய.