நூறு யோஜனை நடை

நம் இல்லங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் 'பார்டர்லைன்'. "உங்களுக்கு ஷுகர் உண்டோ?" என்று யாராவது கேட்டால், "இல்லை இல்லை, பார்டர்லைன்தான்" என்று சிரித்துக்கொண்டே பதில் வரும். அடுத்த நிமிஷம் இலையில் ஜாங்கிரி விழும். சில வருஷங்களுக்கு முன் அடியேனுக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. வெறும் வயிற்றில் 114. நானும் சிரித்தேன். அகத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் என் தகப்பனாரும் இப்படித்தான் சிரித்தார். ஐந்தாறு வருஷங்களில் தினம் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்தார். கடைசிக் காலத்தில் தினசரிப் பேப்பரை என் தாயார்தான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அதன் பிறகுதான் இந்த 'பார்டர்' எங்கே ஆரம்பித்தது, அதைத் தாண்டாமல் நிற்க முடியுமா என்று பழைய நூல்களையும் புதிய ஆய்வுகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலவற்றை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸுச்ருதர் எழுதிய சீட்டு

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது ஸுச்ருத ஸம்ஹிதை. அதில் பிரமேஹம் என்ற சிறுநீர் நோய்த் தொகுதியும், அது முற்றினால் வரும் மதுமேஹமும் விரிவாகப் பேசப்படுகின்றன. நோயாளிகளை ஸுச்ருதர் இரண்டு வகையாகப் பிரிக்கிறார். பிறவியிலேயே நோய் உள்ளவர் மெலிந்தவர், வறண்டவர், தாகம் மிகுந்தவர். தவறான ஆகாரத்தால் நோய் வந்தவர் பருத்தவர், நிறையச் சாப்பிடுபவர், படுக்கையிலும் ஆசனத்திலும் பிரியம் உள்ளவர். சரகரும் இந்நோய்க்குக் காரணம் சொல்லும்போது உட்கார்ந்திருக்கும் சுகத்தையும் தூங்கும் சுகத்தையும்தான் முதலில் வைக்கிறார். தயிர், புது அரிசி, வெல்லப் பண்டங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். நமக்கு வேண்டியவர் யாரோ அவரிடம் கோள் சொல்லிவிட்டார் போலிருக்கிறது!

சிகிச்சைதான் இன்னும் சுவாரஸ்யம். ஏழை நோயாளி செருப்பும் குடையும் இல்லாமல், பிக்ஷை எடுத்து உண்டு, ஓர் ஊரில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காமல் நூறு யோஜனை நடக்க வேண்டும். யோஜனையின் அளவு நூலுக்கு நூல் மாறும். எட்டு மைல் என்று கொண்டால் 800 மைல். ரயில் பாதையை ஒட்டிச் சென்னையிலிருந்து மும்பைக்கு நடப்பதற்குச் சமம். பணக்காரர் ச்யாமாகம் (நம் குதிரைவாலி), காட்டு நெல், நெல்லிக்காய், விளாம்பழம் ஆகியவற்றை உண்டு, பசுக்களின் பின்னால் ஓயாமல் நடக்க வேண்டும். பிராமணர் உஞ்சவிருத்தி செய்து ஜீவிக்க வேண்டும். மற்றவர் ஏர் உழலாம், கிணறு வெட்டலாம்.

உஞ்சவிருத்தி என்றதும் நமக்கு ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளும் பஜனை ஸம்பிரதாயமும் ஞாபகம் வரும். ஆதியில் அதன் பொருள், அறுவடையான வயலில் சிந்திக் கிடக்கும் தானியத்தைக் குனிந்து பொறுக்குவது. நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்தாலும் கிடைப்பது ஒரு வேளைச் சோறு. அதாவது உழைப்பு அதிகம், ஆகாரம் குறைவு.

அந்தச் சீட்டின் கடைசியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: மெலிந்த நோயாளியை இப்படி வருத்தாமல் எப்போதும் காப்பாற்ற வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாரிஸ் முற்றுகையும் மூன்று வீடுகளும்

1870-71ல் ஜெர்மானியப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. ஊரில் ரொட்டிக்கே பஞ்சம். அப்போது அங்கே இருந்த அபொலினேர் பூஷார்தா என்ற வைத்தியர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அவருடைய நீரிழிவு நோயாளிகள் பலருக்குச் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது, சிலருக்கு மறைந்தே போயிற்று. அளவு குறைந்த உணவு, உடல் உழைப்பு என்பதே அவருடைய வைத்தியத்தின் அடிப்படையாக இருந்தது.

நம் நாட்டிலும் இது பேசப்பட்டது. 1907ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெப்ப நாடுகளின் நீரிழிவு பற்றிய விவாதம் ஒன்று வெளியாயிற்று. வங்காளத்தில் படித்து உத்தியோகம் பார்க்கும் வசதியான வகுப்பாரிடையே இந்நோய் மிகுந்திருப்பது அதில் சுட்டிக்காட்டப்பட்டது.

அமெரிக்காவில் எலியட் ஜாஸ்லின் என்ற நிபுணர் 1921ல் 'நீரிழிவைத் தடுத்தல்' என்றே ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கிராமத்துத் தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடுகள். அவற்றில் ஒருவர் பின் ஒருவராகக் குடிவந்த குடும்பத் தலைவர், தலைவியர் ஏழு பேர். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் நீரிழிவால் மாண்டார்கள். தொற்று நோயில் ஏழில் ஆறு பேர் இறந்திருந்தால் ஊரே திரண்டிருக்கும், இதற்கு யாரும் அசையவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். அதே 1921ல் டொராண்டோவில் இன்ஸுலின் கண்டுபிடிக்கப்பட்டது. கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த மகத்தான மருந்து அது. ஆனால் மருந்து வந்தபின் தடுப்பு என்ற பேச்சு பின் வரிசைக்குப் போய்விட்டது.

'பார்டர்லைன்' என்ற பெயரே 1979ல் மருத்துவ அகராதியிலிருந்து விலக்கப்பட்டது. குளுகோஸ் தாங்கும் திறன் குறைந்த நிலை என்று அதற்குத் தனிப் பெயரும் எல்லையும் கொடுத்தார்கள். 75 கிராம் குளுகோஸ் குடித்த இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை இருந்தால் அந்த நிலை. இன்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுப்படி வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தாலும் ப்ரீ-டயபடீஸ்தான்.

எண்ணிப் பார்த்தவர்கள்

நடந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்லலாம். நூறு பேரில் எத்தனை பேர் தப்புவார்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டாமா? 1986ல் சீனாவின் டாச்சிங் நகரில் 577 பேரைக் கொண்டு அந்த வேலை தொடங்கியது. ஆறு வருஷங்களில், அறிவுரை பெறாத குழுவில் நூற்றுக்கு 68 பேருக்கு நீரிழிவு வந்தது. ஆகாரமோ நடையோ இரண்டுமோ மாற்றிய குழுக்களில் அது 41 முதல் 46 வரைதான். பின்லாந்து ஆய்வு 2001லும், 3,234 பேர் கொண்ட அமெரிக்க ஆய்வு 2002லும் வெளியாயின. வாரம் 150 நிமிஷ நடை, எடையில் 7 சதவிகிதக் குறைப்பு என்பவை அமெரிக்க ஆய்வின் இலக்குகள். இரண்டிலும் நோய் வருவது 58 சதவிகிதம் குறைந்தது. அமெரிக்க ஆய்வில் மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவிகிதமே குறைத்தது.

'அவர்கள் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு' என்பது நம்மவர் வாதம். அதற்கு பதில் சென்னையிலிருந்தே வந்தது. 1948லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய நகரம் அது. அங்கே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006ல் வெளியாயிற்று. யார் அந்த 531 பேர்? 35 முதல் 55 வயதுக்குட்பட்டவர்கள். அலுவலகங்களில் வேலை பார்த்த நடுத்தர வகுப்பினரும் அவர்கள் குடும்பத்தாரும். சுருக்கமாகச் சொன்னால், நாம்தான்.

இவர்கள் அமெரிக்கர்களைப் போலப் பருத்தவர்கள் அல்ல. ஆயினும் அமெரிக்க ஆய்வில் வெற்று மாத்திரை பெற்ற குழுவில் மூன்று வருஷங்களில் நூற்றுக்கு 29 பேருக்கு நோய் வந்தது. சென்னையில் வழக்கம்போல் இருக்கவிட்ட குழுவில் அதே காலத்தில் 55 பேருக்கு வந்தது. நம் 'பார்டர்' அத்தனை மெல்லிய கோடு. தினம் அரை மணி வேகமாக நடந்து, ஆகாரத்தின் அளவையும் சர்க்கரை, மைதா, எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டியவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. ஆறேழு பேர் மாறினால் மூன்று வருஷத்தில் ஒருவர் தப்புகிறார் என்பது கணக்கு.

இதில் என்னை மிகவும் தொட்ட செய்தி ஒன்று உண்டு. அப்படித் தப்பிய குழுவின் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! தொந்தி உள்ளவர் எடையைக் குறைத்தால் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எடை மெஷின் முள் அசையவில்லை என்று மனம் தளர்ந்து நடையை விட்டவர்கள் எத்தனை பேர்! நானே இரண்டு தடவை விட்டிருக்கிறேன். முள் அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது.

நம் கதை

அக்ரஹாரத்தில் நம் தாத்தாக்கள் எல்லோரும் ஏர் பிடித்தார்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் ஆற்றுக்குப் போக நடை, பக்கத்து ஊர் கல்யாணத்துக்கு நடை. பாட்டிமார்களோ கிணற்றில் நீர் சேந்தி, அம்மியில் அரைத்து, உரலில் இடித்து வாழ்ந்தவர்கள். பிறகு நாம் மாடுங்காவுக்கும் கரோல்பாக்குக்கும் மல்லேஸ்வரத்துக்கும் உத்தியோகத்தைத் தேடிப் போனோம். உழைப்பை ஊரில் விட்டுவிட்டு, சாப்பாட்டை மட்டும் கையோடு கொண்டுபோனோம். சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம் என்று மூன்று தடவை வெள்ளைச் சாதம். ஏகாதசி 'உபவாஸம்' என்றால் ராத்திரி அடையும் உப்புமாவும்!

இப்போது எங்கள் அகத்தில் சாதம் ஒரு கரண்டியோடு சரி. கறியும் கூட்டும் இரண்டு பங்கு. குதிரைவாலியும் உண்டு, ஆனால் சிறுதானியமாயிற்றே என்று தட்டு நிறையச் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். காலை நாற்பது நிமிஷம் நடை. மழை நாளில் கோயில் பிராகாரத்தில் பிரதக்ஷிணம். போன தடவை வெறும் வயிற்றில் 98. ஜயித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நடையை நிறுத்தினால் எண் ஏறும். டாச்சிங் நகரத்தாரை முப்பது வருஷம் தொடர்ந்து கவனித்து 2019ல் வெளியிட்ட முடிவுப்படி, நோய் அவர்களுக்குச் சராசரியாக நான்கு வருஷம் தள்ளிப்போயிற்று, ஆயுள் ஒன்றரை வருஷத்தை ஒட்டிக் கூடியது. என் தகப்பனாருக்கு அந்த நான்கு வருஷம் கிடைத்திருந்தால், இன்னும் கொஞ்ச காலம் பேப்பரைத் தாமே படித்திருப்பார்.

ஸுச்ருதரின் கடைசி வரியை மறக்க வேண்டாம். முயற்சி ஏதுமின்றி எடை இறங்கினாலோ, மெலிந்த உடம்பானாலோ, வயது மிகுந்தாலோ, மாத்திரை சாப்பிடுபவரானாலோ டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் மதிப்பீட்டின்படி இந்த முந்தைய நிலையில் நம் தேசத்தில் 13.6 கோடிப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் நம் அங்கத்தினர்களும் இருக்கத்தான் செய்வார்கள். தினம் மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஒன்றேகால் வருஷத்துக்குள் நூறு யோஜனை முடிந்துவிடும். செருப்பும் குடையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நாளைக் காலையே புறப்படலாமே!